வலது இடுப்பு

“திருப்பிப் பாரு, ஆணி. நிதானமா” என்றார் பாஸ்.

என் கையில் ஸ்க்ரூ டிரைவர். எதிரே மேஜையில் இரண்டு மஞ்சள் கட்டைகள். மரமில்லை, கெட்டியான நுரை. முதுகெலும்புக்குப் பதிலாகப் பழகுவதற்கு வைத்திருப்பது என்று டாக்டரம்மா சொன்னார். முதல் கட்டையில் ஸ்க்ரூவை இறக்கினேன். கடைசி இரண்டு சுற்றுக்கு மணிக்கட்டு நோகும் அளவுக்குப் பிடித்தது. இரண்டாவது கட்டையில் எந்த எதிர்ப்பும் இல்லை. முழுக்க இறங்கிய பிறகும் லேசாக ஆடியது. இரண்டு விரலால் இழுத்தேன், கையோடு வந்துவிட்டது.

“மக்கின கட்டை டாக்டர். இதுல கதவு மாட்டினா வீட்டுக்காரர் அந்தக் கதவைத் தூக்கிட்டு வந்து என் தலையிலயே போடுவார்.”

“அந்தக் கதவு இப்ப என் தலையில விழுந்திருக்கு” என்றார் டாக்டரம்மா. சிரிக்கவில்லை.

பதினோரு வருஷம் தச்சு வேலை பார்த்துவிட்டு, துப்பறியும் வேலைக்குப் பாஸிடம் வந்து சேர்ந்தவன் நான். பெற்றவர்கள் வைத்த பேர் வங்கிப் புத்தகத்தில் இருக்கிறது. மற்ற இடங்களில் ஆணி. பாஸ் முப்பது வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். முதலில் காகிதத்தைப் பார்ப்பார், அப்புறம் ஆளை, அப்புறம் மறுபடி காகிதத்தை. அவரோடு ஓட்டலுக்குப் போனால் சாப்பாடு வருவதற்குள் மெனு அட்டையில் நாலு தப்பு கண்டுபிடித்துப் பசியைக் கெடுத்துவிடுவார்.

டாக்டரம்மாவின் விவகாரம் இதுதான். இரண்டு மாதத்துக்கு முன்னால் அறுபத்தெட்டு வயது அம்மாள் ஒருவருக்கு முதுகில் ஆறு ஸ்க்ரூ வைத்து ஆபரேஷன் செய்தார். இருபத்திரண்டு நாளில் நாலு ஸ்க்ரூ தளர்ந்து, அதில் இரண்டு எலும்பை விட்டு வெளியே வந்துவிட்டன. அந்த அம்மாள் இப்போது மருத்துவமனையில் அசையாமல் படுத்திருக்கிறார். கால் மரத்துப் போகத் தொடங்கிவிட்டது. மகன் புகார் கொடுத்திருக்கிறார். இன்று சாயங்காலம் நாலு மணிக்கு விசாரணைக் குழு. முடிவு எதிராகப் போனால் டாக்டரம்மா இனிமேல் கத்தியைத் தொட முடியாது.

“மக்கின கட்டைன்னு முன்னாடியே தெரிஞ்சா நீ என்ன பண்ணுவே?” என்று பாஸ் என்னைக் கேட்டார்.

“ஓட்டையில தீக்குச்சி ஒடிச்சுப் போட்டு, பசை ஊத்தி, அப்புறம் முறுக்குவேன்.”

“நாங்களும் அதேதான் பண்ணுவோம்” என்று டாக்டரம்மா இழுப்பறையிலிருந்து வேறொரு ஸ்க்ரூவை எடுத்தார். நடுவே நீளமாக ஒரு துளை, நுனியில் பக்கவாட்டில் சின்னச் சின்னக் கண்கள். “இதுக்குள்ள எலும்பு சிமெண்டைத் தள்ளுவோம். கண் வழியா வெளியே வந்து, சுத்திப் பரவி, பத்துப் பதினைஞ்சு நிமிஷத்துல கல்லாயிடும். வயசானவங்க எலும்புல ஸ்க்ரூவை நிக்க வைக்க இப்படி ஒரு வழி இருக்கு. அவசரம் இல்லைன்னா ஒரு வருஷம் ஊசி போட்டு எலும்பைத் தேத்திட்டு அப்புறம் பண்ணலாம்.”

“ரெண்டுல எதையும் ஏன் பண்ணல?” என்று பாஸ் கேட்டார்.

“இதனால.”

ஒரு ஃபைலை எங்கள் பக்கம் தள்ளினார். ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த எலும்பு அடர்த்தி ஸ்கேன் ரிப்போர்ட். அதன்படி அந்த அம்மாளின் எலும்பு அருமையான எலும்பு. அதன் அடியில் இன்னொரு ரிப்போர்ட், போன வாரம் மருத்துவமனையில் படுக்கையோடு கொண்டுபோய் எடுத்தது. அதன்படி எலும்பு படுமோசம்.

“ஒரு மாசமா படுக்கையில கிடந்ததால கரைஞ்சு போச்சுன்னு கமிட்டியில சொல்றாங்க. இவ்வளவு வேகமா எந்த எலும்பும் கரையாது. ஆனா அது என் வாய்ப்பேச்சு. ஆதாரம் இல்ல.” டாக்டரம்மா தன் வலது கையை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். “அன்னைக்கு ஸ்க்ரூவைத் திருப்பறப்பவே பிடி இல்லைன்னு கை சொல்லிச்சு சார். ரிப்போர்ட் நல்லா இருக்கே, நமக்குத்தான் பிரமைன்னு விட்டுட்டேன்.”

அப்போது கதவு திறந்து தட்டோடு டாக்டரம்மாவின் தங்கை வந்தார். கிளினிக் வரவேற்பு மேஜை, ஃபைல்கள், சாமான் ஆர்டர் எல்லாம் அவர் பொறுப்பு. நாற்பதைத் தாண்டியவரை டாக்டரம்மா இன்னும் “பாப்பா” என்றுதான் கூப்பிட்டார். நாங்கள் வந்தபோது இருவரும் மாடியிலிருந்து இறங்கி வந்ததைப் பார்த்தேன். படி திரும்புகிற இடத்தில் டாக்டரம்மா கைப்பிடியைப் பிடித்து நின்று, தங்கை வந்து சேர்ந்த பிறகுதான் மீதிப் படிகளை இறங்கினார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அவ்வளவு பழக்கம். என் அண்ணன் எனக்காகக் கதவைக்கூடப் பிடித்துக்கொண்டு நின்றதில்லை.

டீயைக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது.

“என்னங்க, டீ வேற ஊர்ல இருந்து நடந்தே வந்துச்சா?”

“லிஃப்ட் ரிப்பேர் சார்” என்று தங்கை சிரித்தார். சிரிப்பு கண் வரைக்கும் போகவில்லை. எப்படிப் போகும்? ஸ்க்ரூ கழன்ற அந்த அம்மாள் இவருடைய மாமியார். புகார் கொடுத்தது இவருடைய கணவர். இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் புருஷன். நடுவில் மாட்டிக்கொண்டு டீ கொண்டுவருகிறாரே என்று எனக்கு நிஜமாகவே பாவமாக இருந்தது.

பாஸ் இரண்டு ரிப்போர்ட்டையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“வா ஆணி. முதல் ஸ்கேன் எடுத்த இடத்துக்குப் போவோம்.”

ஸ்கேன் நிலையம் மூன்று தெரு தள்ளி, ஒரு மருந்துக் கடைக்கு மேலே இருந்தது. மெஷின் இருந்த அறையில் ஏசி நடுக்கியது. மெஷினை இயக்கும் பெண்மணி எங்களைப் பார்த்ததும் முதலில் சொன்னது, “செருப்பை வெளியே விடுங்க.”

நான் வழியிலேயே கதை கட்டிவிட்டேன். யாரோ இரண்டு பேருடைய ரிப்போர்ட்டை மாற்றி வைத்துவிட்டார்கள், கேஸ் முடிந்தது, நாலு மணிக்குள் சாப்பிட்டுவிடலாம். பெண்மணி என் கதையைக் கேட்டு முறைத்தார்.

“மெஷினே பேரைப் போட்டுத்தான் பிரிண்ட் எடுக்கும். மாறவே மாறாது.”

பாஸ் தன் வழக்கமான கேள்வியை எடுத்தார். எந்தத் தொழில்காரரைப் பார்த்தாலும் அவர் கேட்பது இது ஒன்றுதான்.

“உங்க வேலையில நீங்க எப்பவுமே செய்யாத விஷயம் என்னம்மா?”

பெண்மணிக்கு யாரும் இப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது. முகம் மலர்ந்துவிட்டது.

“நகை, சாவிக்கொத்து, பெல்ட்டு, எதோடயும் படுக்க வைக்க மாட்டேன். பேரும் பிறந்த வருஷமும் கேக்காம படுக்க வைக்க மாட்டேன்.”

“அடையாள அட்டை?”

“எதுக்கு சார்? எலும்பு ஸ்கேனுக்குப் போய் யாராவது ஆள்மாறாட்டம் பண்ணுவாங்களா? இது என்ன பரீட்சையா?”

“சரிதான். வேற?”

“முதுகு எடுத்துட்டு ஒரு இடுப்பு எடுப்போம். எப்பவும் இடது. காரணம் இல்லாம வலது எடுக்க மாட்டேன்.”

பாஸ் முதல் ரிப்போர்ட்டை எடுத்து விரித்தார். இரண்டாவது பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருந்த வரியில் விரலை வைத்தார். வலது இடுப்பு. பக்கத்தில் அந்தப் பெண்மணியின் கையெழுத்து.

“இதுக்குக் காரணம் என்ன?”

பெண்மணி கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். “இடதுல இரும்பு இருந்திருக்கும் சார். பழைய ஆபரேஷன், கம்பி, ஸ்க்ரூ, ஏதாவது. இரும்பு இருந்தா கணக்கு தப்பா வரும். அதனால அந்தப் பக்கம் போவோம். பத்து வருஷத்துல அந்த ஒரு காரணத்துக்குத்தான் நான் வலது பக்கம் போயிருக்கேன்.”

“ஆள் முகம் ஞாபகம் இருக்கா?”

“ஒரு நாளைக்கு முப்பது பேர் சார். இருமல்னு சொல்லி மாஸ்க் போட்டு, தலையில முக்காடும் போட்டிருந்தாங்கன்னு நினைக்கிறேன். சத்தியம் பண்ண மாட்டேன்.”

அந்த அம்மாளுக்கு இடதில் இரும்பு இல்லையென்றால் படுத்தது வேறு ஆள், எனக்கு அந்த இடத்திலேயே குதிக்க வேண்டும் போல இருந்தது. பாஸ் உடனே கிளினிக்குக்கு ஃபோன் போட்டு, எனக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் வைத்தார். தங்கைதான் எடுத்தார்.

“அம்மா, ஒரே ஒரு சந்தேகம். உங்க மாமியாருக்கு உடம்புல எங்கயாவது பழைய இரும்பு இருக்கா? முதுகைத் தவிர?”

மறுபக்கம் ஃபைலை மூடுகிற சத்தம் கேட்டது.

“ஆமா சார். இடது இடுப்புல இருக்கு. எப்பவோ கீழ விழுந்தப்ப வச்சது.”

“ரொம்ப நன்றிம்மா.”

போச்சு. வலது இடுப்புக்கு நியாயமான காரணம் கிடைத்துவிட்டது. ஸ்கேன் சரி, ரிப்போர்ட் சரி, ஆளும் சரி. பைக்கை எடுத்தபோது எனக்கு வாயில் ஈ நுழைந்த மாதிரி இருந்தது. மணி மூன்று பத்து. பின்னால் பாஸ் உட்கார்ந்து ஏதோ மெட்டு முணுமுணுத்தார்.

“உங்களுக்குப் பாட்டு வேற வருதா பாஸ்?”

“போன வாரம் எடுத்த ரிப்போர்ட்டைப் பார்த்தியா?”

“எலும்பு மோசம்னு இருக்கு. அதுதான் தெரியுமே.”

பெரிய சாலைச் சந்திப்பில் சிவப்பு விளக்கு விழுந்தது. என் தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டு, பெட்ரோல் டேங்க் மேல் இரண்டாவது ரிப்போர்ட்டை விரித்தது. அதே மாதிரி இரண்டாவது பக்கம், அதே மாதிரி அடியில் ஒரு வரி. இடது இடுப்பு.

“இடதுல இரும்பு இருந்தா மருத்துவமனையில எதை அளந்தாங்க ஆணி? கம்பியையா?”

“அப்ப தங்கச்சி பொய் சொன்னாங்க! புருஷனைக் காப்பாத்தவா?”

“முப்பது வருஷம் டிக்கெட் இல்லாதவங்ககிட்ட பேசியிருக்கேன். அவசரத்துல பொய் சொல்றவங்களுக்குப் புதுசா எதையும் யோசிக்க நேரம் இருக்காது. தன்கிட்ட இருக்கறதைத்தான் எடுத்து நீட்டுவாங்க. நான் எங்கயாவதுன்னுதான் கேட்டேன். அவங்க இடது இடுப்புன்னு சொன்னாங்க.” பாஸ் ரிப்போர்ட்டை மடித்தார். “கிளினிக்ல டீ ஏன் ஆறிப்போச்சு?”

பச்சை விளக்கு விழுந்தது. பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். ஒரு படிக்கு இரண்டு காலையும் வைத்து, தட்டைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறுகிற ஒருத்தர் என் கண் முன்னால் நின்றார். நான் வேறு நடந்தே வந்ததா என்று நக்கல் அடித்திருக்கிறேன். வண்டியைக் கிளப்ப எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

கிளினிக்குக்கு வந்தபோது மணி மூன்று இருபது. கீழே வரவேற்பு மேஜையில் தங்கை தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். மாடியில் டாக்டரம்மா கமிட்டிக்குக் கிளம்பத் தயாராக இருந்தார். பாஸ் இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, இரண்டு வரிகளையும் விரலால் தொட்டுக் காட்டினார்.

“நான் முதுகுக் கணக்கை மட்டும்தான் பார்ப்பேன்” என்று டாக்டரம்மா சொல்லிக்கொண்டே குனிந்தார். “இடுப்புப் பக்கத்தை நான் என்னைக்குமே…”

நின்றுவிட்டது பேச்சு. ஸ்கேன் அறைப் பழக்கத்தை பாஸ் விளக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. எலும்பு டாக்டருக்கு அது தெரியாதா என்ன.

“முதல் தடவை மெஷின்ல படுத்தது உங்க பேஷண்ட் இல்ல டாக்டர். டிக்கெட் ஒருத்தர் பேர்ல, சீட்ல வேற ஒருத்தர். அது…”

“பேரைச் சொல்லாதீங்க.”

அவர் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். இன்டர்காமை அழுத்தி, “மேல வா” என்றார். பாப்பா என்று சொல்லவில்லை.

படியில் சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஒரு காலடி, இழுபடும் இன்னொன்று, ஒரு நிறுத்தம். மறுபடி ஒரு காலடி. நாங்கள் மூன்று பேரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

“பத்தொன்பது வருஷமா இந்தச் சத்தம் கேக்கறேன் சார்” என்றார் டாக்டரம்மா. “ஸ்கூட்டரை ஓட்டினது நான். அவ பின்னாடி உட்கார்ந்திருந்தா. எனக்கு ஒரு கீறல் கிடையாது. அவளுக்கு இடுப்புல கம்பி வச்சாங்க. இந்தச் சத்தம் கேக்கறப்பல்லாம் நான் அவளுக்குக் கடன்பட்டவள்னு நினைச்சுப்பேன்.”

கதவு திறந்தது. தங்கை மேஜையைப் பார்த்தார். இரண்டு ரிப்போர்ட்டும் இரண்டாவது பக்கம் திருப்பி வைக்கப்பட்டிருந்தன. கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“அத்தையோட நிஜ ரிப்போர்ட் எங்க?” என்று கேட்டார் டாக்டரம்மா. குரல் உயரவே இல்லை. “ஒண்ணு எடுத்திருப்பியே. அது மோசமா வந்ததாலதான நீ போய்ப் படுத்தே?”

“கிழிச்சுட்டேன்க்கா.”

“ஏன்?”

“எலும்பு அவ்வளவு மோசமா இருந்தா நீ என்ன சொல்லுவேன்னு எனக்குத் தெரியும்க்கா. ஒரு வருஷம் ஊசி, அப்புறம் ஆபரேஷன். தினமும் நாலு பேருக்கு நீ சொல்றதைக் கேட்டுட்டுத்தான கீழ உட்கார்ந்திருக்கேன்.” தங்கையின் குரல் உடைந்தது. “ரெண்டு வருஷமா அவங்களை நான்தான் தூக்கறேன்க்கா. கட்டில்ல இருந்து, பாத்ரூம்ல இருந்து. இந்த இடுப்பை வச்சுக்கிட்டு. அவர் ஒரு நாள் கை கொடுத்ததில்ல. இன்னும் ஒரு வருஷம்னா நான் செத்துடுவேன்னு தோணிச்சு.”

பாஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“எங்கிட்ட ஏன்டி சொல்லல?” டாக்டரம்மா இழுப்பறையைத் திறந்து அந்தத் துளை வைத்த ஸ்க்ரூவை எடுத்து மேஜையில் வைத்தார். “அவங்களுக்காக இல்லாட்டியும், உனக்காகவாவது ஒரு வருஷம் காத்திருக்க வேண்டாம்னு சொல்லியிருப்பேனே. சிமெண்ட் வச்சு அடுத்த வாரமே பண்ணியிருப்பேன். இந்த ஸ்க்ரூவை மாசா மாசம் ஆர்டர் பண்ணி அலமாரியில அடுக்கறதே நீதானே! இது எதுக்குன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!”

தங்கை அந்த ஸ்க்ரூவைப் பார்த்தார். கையால் எத்தனை நூறு எண்ணி வைத்திருப்பாரோ. வாயைப் பொத்திக்கொண்டார்.

“பேப்பர்ல என்ன இருந்தா என்ன, உன் கை பட்டா நின்னுடும்னு நம்பினேன்க்கா. சத்தியமா.”

“என் கைக்கு அன்னைக்கே தெரிஞ்சுது. எலும்பு பிடிக்கலன்னு சொல்லிச்சு. நான் என் கையை நம்பாம பேப்பரை நம்பினேன். ஏன் தெரியுமா?” டாக்டரம்மா எழுந்தார். “அந்தப் பேப்பரை எனக்குக் கொடுத்தது நீ.”

ஃபைலின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே மேலே பேசினார்.

“சரி, பயந்துட்டே. ஒத்துக்கறேன். ஸ்க்ரூ கழன்ட அன்னைக்கு வந்து சொல்லியிருக்கலாம். என்னைக் கமிட்டி கூப்பிட்ட அன்னைக்குச் சொல்லியிருக்கலாம். நான் சாப்பிடாம இந்த மேஜையில தலை வச்சுப் படுத்திருந்தப்ப டீ கொண்டுவந்து வச்சியே, அப்பக்கூடச் சொல்லியிருக்கலாம்.” கொஞ்சம் நிறுத்தினார். “அந்தப் புகாரை யார் எழுதினது? உன் வீட்டுக்காரருக்கு நாலு வரி சேர்ந்தாப்பல எழுத வராது.”

தங்கை தரையைப் பார்த்தார். “அவர் சொல்லச் சொல்ல… நான்தான் டைப் பண்ணேன்.”

டாக்டரம்மா ஒரு தரம் தலையை ஆட்டினார். அழவில்லை. ஆனால் அந்த முகத்தை நான் மறக்கப்போவதில்லை. வேலைக்காரன் திருடினால் போலீசுக்குப் போகலாம், கூட்டாளி ஏமாற்றினால் கோர்ட்டுக்குப் போகலாம். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து இடுப்பைக் கட்டிக்கொண்டு வந்தவள் இதைச் செய்தால் எங்கே போவது?

மணி மூன்று நாற்பது. அவர் இரண்டு ரிப்போர்ட்டையும் ஃபைலில் வைத்துக் கட்டினார்.

“கமிட்டியில என்ன சொல்லப் போறீங்க டாக்டர்?” என்று பாஸ் கேட்டார்.

“முழுசா சொல்வேன். பேப்பர் பொய்ன்னு சொல்வேன், யார் கொண்டுவந்ததுன்னு சொல்வேன். கை சொன்னதை நான் கேக்கலங்கறதையும் சொல்வேன். அது என் தப்பு. அதுக்கு அவங்க என்ன கொடுத்தாலும் வாங்கிக்கறேன்.”

“அக்கா” என்றார் தங்கை. “அத்தைக்கு மறுபடி ஆபரேஷன்…”

“நடக்கும். சிமெண்ட் வச்சு, நீளமான ஸ்க்ரூவா போட்டு, நிக்கற மாதிரி பண்ணச் சொல்றேன். வேற நல்ல டாக்டர் இருக்காங்க. அத்தையை நடக்க வைப்பாங்க.” கதவருகே வந்து நின்றார். “நான் பண்ண மாட்டேன். உன் வீட்ல இருந்து எது வந்தாலும் இனிமே நான் ரெண்டு தரம் சரிபார்க்கணும். அப்படிப் பார்த்துக்கிட்டுக் கத்தி பிடிக்க முடியாது.”

அவர் படியிறங்கினார். தங்கை, “நானும் வரேன்க்கா, நானே வந்து சொல்லிடறேன்” என்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே இறங்கத் தொடங்கினார். ஒரு காலடி, இழுபடும் இன்னொன்று, ஒரு நிறுத்தம். நானும் பாஸும் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

படி திரும்புகிற இடத்துக்கு வந்ததும் டாக்டரம்மாவின் கை தானாகக் கைப்பிடியைப் பற்றியது. கால்கள் நின்றன. பத்தொன்பது வருஷப் பழக்கம். பின்னால் அந்தச் சத்தம் ஒவ்வொரு படியாக நெருங்கி வந்தது. இன்னும் ஐந்து படி இருந்தது, நாலு படி இருந்தது.

அப்போதுதான் அவருக்குத் தான் நின்றுகொண்டிருப்பது தெரிந்தது. தன் கையைக் குனிந்து பார்த்தார். அதைக் கைப்பிடியிலிருந்து எடுத்தார். திரும்பிப் பார்க்காமல் மீதிப் படிகளை வேகமாக இறங்கி வாசலைத் தாண்டிப் போய்விட்டார்.